படகு நிறையத் தண்ணீரா? வாளியைத் தூக்கும் முன் விளிம்பைப் பாருங்கள்

படகுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் கை முதலில் போவது வாளிக்குத்தான். எனக்கும் அப்படித்தான் போனது. முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு வெறி பிடித்த மாதிரி மொண்டு மொண்டு ஊற்றினேன், ஒரு விரல்கடைகூடக் குறையவில்லை. அப்புறம்தான் கவனித்தேன்: நானும் கூட வந்தவரும் இரண்டு பேருமே பின்பக்கம் நின்றிருந்தோம், அதனால் மோட்டார் மாட்டுவதற்காகப் பின்பலகையில் வெட்டிவிட்ட பள்ளம் வெளித்தண்ணீரின் மட்டத்துக்கே இறங்கிப் போயிருந்தது, நான் ஊற்றியதைவிட அதிகமாக ஒவ்வொரு அலையும் அந்த வழியாக உள்ளே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. அவரை முன்னால் போய் உட்காரச் சொன்ன பிறகுதான் மட்டம் இறங்க ஆரம்பித்தது.

அன்றிலிருந்து நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இதுதான்: படகின் விளிம்பு, சுற்றிலும், வெளித்தண்ணீருக்கு மேலே இருக்கிறதா? இருந்தால் இறைக்கலாம். ஓர் இடத்தில் இல்லையென்றாலும் நீங்கள் இறைப்பது படகை அல்ல, கடலை. கீழே சொல்லப்போகும் எல்லா முறைகளும், வாளியோ பம்போ இன்னொரு படகின் கயிறோ எதுவானாலும், அந்த விளிம்பை மேலே கொண்டுவருவதற்கும் மேலேயே வைத்திருப்பதற்கும்தான்.

எடையைப் பற்றி முதலில் ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, கடல் நீர் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். நான்கு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலமுள்ள படகில் 20 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால், படகின் வளைவைக் கழித்துப் பார்த்தாலும் 900 லிட்டர் வரும். கிட்டத்தட்ட ஒரு டன் சரக்கு. ஆனால் சரக்கு வைத்த இடத்தில் கிடக்கும், தண்ணீர் கிடக்காது. படகு வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தால் உள்ளே இருப்பது முழுவதும் வலப்பக்கம் ஓடிச் சேர்ந்து இன்னும் சாய்க்கும். நிறையப் படகுகள் கவிழ்வது தண்ணீரின் எடையால் அல்ல, அது இப்படி ஓடுவதால்தான். அதனால் படகில் தண்ணீர் இருக்கும்போது யாரும் எழுந்து நிற்கக் கூடாது, ஒரே பக்கத்தில் எட்டிப் பார்க்கக் கூடாது, நகர வேண்டுமென்றால் குனிந்து, நடுக்கோட்டிலேயே, ஒரு நேரத்தில் ஒருவராக நகர வேண்டும்.

முதல் ஒரு நிமிடம்

உயிர்காப்பு மேலங்கி போடாதவர்கள் இப்போது போட வேண்டும், பிறகு அல்ல. ஆட்களை எண்ணுங்கள். வயர்லெஸ் இருந்தால் அவசர அழைப்புக்கான 16ஆம் சேனலில் நிலைமையைச் சொல்லிவிடுங்கள், பேட்டரி நனைந்துவிட்டால் அதற்கும் வழி இருக்காது. போன் என்றால் அதை உறைக்குள் போட்டுக் கழுத்தில் மாட்டுங்கள்.

அடுத்தது படகின் முகம். அலை பக்கவாட்டில் அடித்தாலும் பின்னால் அடித்தாலும் நீங்கள் தோற்கப்போவது உறுதி, ஏனென்றால் சிறிய படகுகளில் மிகத் தாழ்ந்த இடம் பின்பலகைதான். அணியம், அதாவது படகின் முன்முனை, அலையைப் பார்த்து நிற்க வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் மெதுவான வேகத்தில் அலைக்கு எதிரே பிடித்து வையுங்கள். பயத்தில் சட்டென்று வேகத்தைக் குறைத்தால் படகு எழுப்பிய அலையே பின்னால் துரத்தி வந்து பின்பலகைக்கு மேலே ஏறிவிடும். மோட்டார் நின்றுவிட்டதா? நங்கூரத்தை அணியத்திலிருந்து இறக்குங்கள். எக்காரணம் கொண்டும் பின்பக்கத்திலிருந்து இறக்காதீர்கள், அது பின்பகுதியைக் கீழே பிடித்து இழுத்து அலைக்குக் காட்டிக்கொடுக்கும். ஆழம் அதிகம், நங்கூரம் தரை தட்டாது என்றால் வாளியையோ சாக்கையோ நீளமான கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து விடுங்கள். வலையையும் அப்படி விடலாம், அது தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே படகின் முகத்தைத் திருப்பி வைக்கும். ஆனால் மோட்டார் நின்ற பிறகு மட்டும். ஓடும் புரொப்பெல்லர் இறக்கையில் வலை சுற்றினால் அப்புறம் மோட்டாரும் இல்லை, வலையும் இல்லை.

சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் யோசிக்காமல் முதலில் போக வேண்டியது ஐஸும் மீனும். அன்றைய பாடு முழுவதும் போகிறதே என்று மனசு வலிக்கத்தான் செய்யும். மூடியுள்ள வெறும் ஐஸ் பெட்டியை மட்டும் எறிந்துவிடாதீர்கள், மூடியை இறுக்கிப் படகோடு கட்டிவிட்டால் அது மிதவை. அவிழ்ந்து கிடக்கும் வலையையும் தூண்டில் கயிறுகளையும் ஏதாவது ஒரு மூட்டையாகக் கட்டுங்கள், ஏனென்றால் யாராவது தண்ணீரில் விழுந்தால் அவர்களுடைய காலைப் பிடிக்கப்போவது அதுதான்.

எங்கிருந்து வருகிறது?

அலை மேலேறி வந்த தண்ணீர் என்றால் முகத்தைத் திருப்பியதுமே வரத்து நின்றுவிடும். அடியிலிருந்து வருகிறது என்றால் கதை வேறு. நீர்மட்டத்துக்கு 30 சென்டிமீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு ஓட்டை, அதாவது கட்டைவிரல் நுழையும் அளவு, நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டரை உள்ளே விடும். அதே ஓட்டை 50 மில்லிமீட்டர் என்றால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

பெரும்பாலும் காரணம் அற்பமானதாகவே இருக்கும். வடிதுளையின் அடைப்பை மாட்ட மறந்திருப்பார்கள். அதனால் முதலில் கையை விட்டுப் பின்பலகையின் அடியைத் தடவிப் பாருங்கள். அடைப்பு காணாமல் போயிருந்தால் துணியைச் சுருட்டித் திணிக்கலாம், குச்சியைச் சீவித் துணி சுற்றி அடிக்கலாம், ஒன்றும் இல்லையென்றால் விரல். வேறு இடத்தில் ஓட்டை என்றால் ஆட்களும் பொருட்களும் எதிர்ப்பக்கம் மெல்ல நகர்ந்து அந்த இடத்தை நீர்மட்டத்துக்கு மேலே தூக்க முடிகிறதா பாருங்கள். தண்ணீர் நிறைய இருக்கும்போது இதை அவசரமாகச் செய்தால் கவிழும், கவனம்.

வெளியிலிருந்து அடைப்பது உள்ளிருந்து அடைப்பதைவிட நன்றாக நிற்கும். உள்ளிருந்து திணித்த துணியைத் தண்ணீரின் அழுத்தம் பிதுக்கித் தள்ளும், வெளியே போர்த்திய தார்ப்பாயை அதே அழுத்தம் படகோடு சேர்த்து ஒட்ட வைக்கும். 1770இல் ஜேம்ஸ் குக்கின் எண்டவர் கப்பல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் மோதிக் கிழிந்தபோது, பாய்த்துணியில் கம்பளி நாரையும் பழைய கயிற்று நாரையும் ஒட்டிக் கப்பலின் அடியில் இழுத்துத்தான் வரத்தைக் குறைத்தார்கள். நம் பதினான்கு அடிப் படகுக்கு ஒரு தார்ப்பாயும் நான்கு மூலைக்கு நான்கு கயிறும் போதும்.

இப்போது வாளி

பத்து லிட்டர் வாளியை முழுக்க நிரப்பாதீர்கள். ஐந்தாறு லிட்டர் மொண்டு, விளிம்பைத் தாண்டும் அளவுக்கு மட்டும் தூக்கி, காற்று போகும் திசையில் சரித்துவிடுங்கள். காற்றுக்கு எதிரே வீசினால் பாதி உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். நிமிடத்துக்குப் பதினைந்து வாளி என்று வைத்தால் 90 லிட்டர் வரை போகும். முன்னே சொன்ன 900 லிட்டருக்குக் கணக்குப்படி பத்து நிமிடம். கணக்கு அப்படிச் சொல்லும், தோள்பட்டை அப்படிச் சொல்லாது, இருபது நிமிடமாவது ஆகும். ஓட்டை அடைபடாமல் நிமிடத்துக்கு 40 லிட்டர் வந்துகொண்டிருந்தால் உங்கள் உழைப்பில் பாதிக்கு அருகே அதற்கே போய்விடும். வாளியைத் தொடும் முன் ஓட்டையைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

மண்டியிட்டு, நடுவில், கால்களை அகட்டி உட்கார்ந்து இறையுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இறைக்க மற்றவர் படகின் முகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். களைத்துப் போகும் வரை ஒருவரே செய்வது வீரம் மாதிரி தெரியும், ஆனால் களைத்தவர் பக்கவாட்டில் சரிந்து சாய ஆரம்பிப்பார், அந்தச் சாய்வு போதும் தண்ணீர் ஓடிச் சேர.

வாளியின் கைப்பிடியில் கயிறு கட்டிப் படகோடு முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். கை நழுவிப் போகும் முதல் பொருள் அதுதான். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்ததும் வாளி மொள்ளாது. அப்போது வேண்டியது, கைப்பிடியுள்ள பிளாஸ்டிக் கேனை மூடியோடு வைத்து, அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டி எடுத்த இறைப்பான். பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதால் சட்டங்களுக்கு இடையில் நுழைந்து வாரும். செலவே இல்லாத இந்தச் சாமான் படகில் இல்லாமல் நான் கரையை விட்டு நகர்வதில்லை. கடைசிச் சொட்டுக்குப் பஞ்சு.

பம்பு இருந்தால் நல்லதுதான், ஆனால் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி உட்காராதீர்கள். மணிக்கு 500 கேலன் என்று போட்ட சின்ன மின்பம்பு நிமிடத்துக்குச் சுமார் 31 லிட்டர் இறைக்கும், அதுவும் பேட்டரி முழுதாக இருந்து, குழாய் வளையாமல், தண்ணீரை மேலே தூக்க வேண்டிய உயரமே இல்லாமல் இருந்தால். நிஜத்தில் இன்னும் குறையும். அந்த முழு 31 லிட்டரே கட்டைவிரல் ஓட்டைக்குப் போதாது. மீன்பிடிப் படகில் இன்னொரு தொல்லை, செதிலும் நைலான் துணுக்கும் இரைத்துண்டும் சல்லடையை அடைத்துவிடும். பம்பு உறுமிக்கொண்டே இருக்கும், குழாயில் ஒன்றும் வராது. சத்தத்தைக் கேட்டுத் திருப்திப்படாமல் குழாயின் வாயைப் பாருங்கள், நின்றுபோனால் சல்லடையைக் கையால் துடையுங்கள்.

குழாய் போட்டு உறிஞ்சிவிட்டால் தானாக வடிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. தண்ணீர் உயரத்திலிருந்து தாழ்வுக்குத்தான் போகும். மிதக்கும் படகில் உள்ளே நிற்கும் தண்ணீரின் மட்டம் வெளி மட்டத்தைவிடக் கீழே இருக்கும். அப்படியிருக்க நீங்கள் குழாயைப் போட்டால் கடல்தான் உள்ளே வடியும். பம்புக் குழாயின் வெளிமுனையைத் தண்ணீருக்குள் மூழ்கவிடக் கூடாது என்பதும் இதனால்தான், பம்பை நிறுத்திய மறுநொடி அதே குழாய் எதிர்த்திசையில் வேலை செய்ய ஆரம்பிக்கலாம். குழாய் வைத்து வடிக்கும் வித்தை படகு கரைமேல் நிற்கும்போது மட்டும் பலிக்கும்.

மோட்டார் நன்றாக ஓடுகிறது, தண்ணீர் கொஞ்சம்தான், கடலும் அமைதி என்றால், வேகமெடுத்து ஓட்டிக்கொண்டே பின்பலகையின் அடைப்பைத் திறந்துவிட்டால் தண்ணீர் பின்னால் ஓடி வெளியே போய்விடும். பலர் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். வேகத்தைக் குறைக்கும் முன் அடைப்பைத் திரும்ப மாட்ட வேண்டும், மறந்தால் வந்த வேலையே தலைகீழாகும். முழங்கால் தண்ணீரோடு இதை முயலாதீர்கள், வேகமெடுக்கும்போது எல்லாம் ஒரேயடியாகப் பின்னால் ஓடிப் பின்பலகையை மூழ்கடித்துவிடும்.

விளிம்பே மூழ்கிவிட்டால்

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். படகு முழுக்க நிறைந்து, விளிம்பு தண்ணீரோடு தண்ணீராக இருக்கும்போது உள்ளே உட்கார்ந்து இறைத்துப் பயனில்லை. மரமும் நுரை அடைத்த ஃபைபரும் இந்த நிலையிலும் மிதக்கும், அதனால் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். கரை பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும், தோற்றம்தான். தண்ணீரில் தெரியும் ஒரு தலையைவிட ஒரு படகு தேடுகிறவர்கள் கண்ணில் சுலபமாகப் படும். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் முடிந்தவரை உடம்பைப் படகின்மேல் ஏற்றி வையுங்கள், ஏனென்றால் காற்றைவிடத் தண்ணீர் உடல் சூட்டைப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும்.

ஆட்கள் இறங்கி இரண்டு பக்கமும் சமமாக விளிம்பைப் பிடித்துக்கொண்டாலே படகு கொஞ்சம் எழும். மரத்தைக் குடைந்த வள்ளம் போன்ற இலேசான, ஒடுங்கிய படகு என்றால் உலுக்கி ஊற்றலாம். ஒருவர் ஒரு முனையில் நின்று நீந்தியபடி, அந்த முனையைக் கீழே அழுத்திச் சட்டென்று முன்னால் தள்ள வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர் பின்தங்கி, அழுத்திய முனை வழியாக வழிந்து வெளியேறும். உடனே விடுங்கள், எழும்பட்டும், மறுபடி அழுத்தித் தள்ளுங்கள். தாளம் பிடிபட நாலைந்து தடவை ஆகும். விளிம்பு நான்கு விரல்கடை மேலே வந்ததும் வெளியே இருந்தபடியே கையாலோ இறைப்பானாலோ வாரி வீசுங்கள். பாதிக்கு மேல் போன பிறகு எடை குறைந்தவர் மட்டும் முனை வழியாக ஏற, மற்றவர்கள் இரு பக்கமும் பிடித்து நிறுத்த வேண்டும்.

மோட்டார் மாட்டிய ஃபைபர் படகு இப்படி உலுக்க அசையாது. அதற்கு இன்னொரு படகு வேண்டும். இழுகயிற்றை அணியத்தின் கீழ் வளையத்தில் கட்டுங்கள், மேலே இருக்கும் கட்டையில் கட்டினால் மூக்கு குத்திக்கொள்ளும். மூழ்கிய படகில் ஒருவரும் இருக்கக் கூடாது. மிக மெதுவாக, நேர்க்கோட்டில் இழுத்தால் அணியம் எழும்பி, தண்ணீர் பின்பலகை வழியாகக் கொட்ட ஆரம்பிக்கும். நிறுத்தும்போதும் அதே மெதுவு, சட்டென்று நிறுத்தினால் மிச்சத் தண்ணீர் முன்னால் பாய்ந்து அணியத்தை அமுக்கிவிடும். இழுக்கும் படகில் ஒருவர் கத்தியோடு கயிற்றருகே உட்கார்ந்திருக்கட்டும்.

கரைக்கு வந்துவிட்டதா, இனி பயமில்லை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் நிறைந்த படகு அலையோடு வரும்போது ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள உருளை. படகுக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள், காலை முறித்துவிடும். கடல் பக்கமோ முனைகளிலோ நின்று பிடியுங்கள். நிறைந்த படகை மணலில் இழுக்க முயல்வதும் வீண், வளையம் பிய்த்துக்கொண்டு வரும் அல்லது அடி விரிசல் விடும். ஆழம் குறைந்த இடத்தில் தரை தட்டவிட்டு, வடிதுளையைத் திறந்து, ஒவ்வொரு அலை தூக்கும்போதும் ஒரு சாண் மேலே ஏற்றி, இலேசானதும் ஒரு பக்கம் சாய்த்து ஊற்றுங்கள். நீர் வற்றும் நேரம் என்றால் இன்னும் நல்லது, நங்கூரம் போட்டுவிட்டு உட்காருங்கள், வற்ற வற்ற அதுவாகவே வடியும். நீர் ஏறும் முன் அடைப்பை மாட்ட மறக்காதீர்கள். (மறந்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவரை ரொம்ப நெருக்கமாகவே தெரியும்.)

கட்டிய இடத்திலேயே மூழ்கியது என்றால்

மழைதான் பெரும்பாலும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். ஆறு சதுர மீட்டர் திறந்த படகில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 600 லிட்டர், ஒரே இரவில்.

மூழ்கிக் கிடக்கும் படகைத் தூக்குவது நினைப்பதைவிடச் சுலபம், ஒரு கட்டம் வரை. நீருக்கடியில் இருக்கும்போது உள்ளிருக்கும் தண்ணீருக்கு உங்கள் கையில் எடையே கிடையாது. விளிம்பு வெளி மட்டத்தைத் தாண்டி எழும்பும்போதுதான் உள்ளே இருக்கும் தண்ணீரை நீங்கள் சுமக்க ஆரம்பிக்கிறீர்கள். அதனால் நான்கைந்து விரல்கடை மட்டும் எழுப்பினால் போதும், மிச்சம் பம்பின் வேலை. 200 லிட்டர் இரும்பு டிரம், மூடியை இறுக்கி நீருக்குள் முழுதும் அமுக்கினால், தன் எடை போக 180 கிலோவரை தூக்கும். பக்கத்துக்கு ஒன்றாகக் குறுக்குப்பலகைகளின் கீழே கட்டுங்கள், பின்பக்கம் மோட்டார் இருந்தால் அங்கே இன்னொன்று. லாரி டியூபைக் காற்றில்லாமல் உள்ளே செருகி, பிறகு காற்றடிப்பதும் நன்றாக வேலை செய்யும். விளிம்பு சுற்றிலும் தெரிந்ததும் இரண்டு அங்குல பெட்ரோல் பம்பைப் போட்டால் நிமிடத்துக்கு 500 லிட்டர் அளவில் இறைத்துத் தள்ளும். பம்பைப் படகுக்குள் வைக்காதீர்கள், கரையிலோ பக்கத்துப் படகிலோ வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், அடிப்பள்ளத்தில் தங்கி நிற்கும். எண்ணெய் மிதந்தால் முதலில் துணியாலோ பஞ்சாலோ ஒற்றி எடுத்துவிடுங்கள், அப்படியே தண்ணீரில் இறைத்துவிடாதீர்கள்.

பேட்டரியை அதன் பிறகு கழற்றுங்கள், காற்றோட்டமான இடத்தில். உப்புநீர் புகுந்த ஈய அமில பேட்டரியிலிருந்து குளோரின் வாயு வரும். மோட்டாரை உடனே சுண்டி இழுத்துப் பார்க்க ஆசை வரும், செய்யாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் குடித்திருந்தால் உள்ளே பிஸ்டனைத் தாங்கும் தண்டு (கனெக்டிங் ராடு) வளைந்திருக்கலாம். நல்ல தண்ணீரில் கழுவி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கையால் மெல்லச் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெய் விட்டு, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுங்கள். உடனே முடியாதென்றால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவிட்டு வைப்பதுகூட வெளியே காயவிடுவதைவிடப் பரவாயில்லை, காற்றுப் பட்டதும்தான் துரு வேகமாக ஓடும்.

அப்புறம் ஓட்டை. வெளியிலிருந்து தேடினால் கிடைக்காது. படகு நன்றாகக் காய்ந்ததும், கட்டைகள்மேல் சமமாக ஏற்றி வைத்து, வடிதுளையை அடைத்து, உள்ளே இரண்டு மூன்று வாளி தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். நிறைய ஊற்றினால் கட்டைகள் தாங்கும் இடத்தில் அடி பிதுங்கும். முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, பிறகு பின்பக்கத்தைத் தூக்கி, தண்ணீரை எல்லா இடத்துக்கும் ஓடவிட்டு, கீழே படுத்துப் பாருங்கள். எங்கே ஈரம் கசிந்து சொட்டு கட்டுகிறதோ அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுங்கள்.